எஞ்சின் எந்தப் பக்கம் சுழல்கிறது?

காரில் ஏறி அமர்கிறோம், சாவியைத் திருப்புகிறோம், எஞ்சின் உறுமி எழுகிறது, வண்டி புறப்படுகிறது. அன்றாடம் நாம் காணும் காட்சிதான் இது. ஆனால், அந்த எஞ்சின் எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

"எந்தப் பக்கம் சுழன்றால் நமக்கென்ன? வண்டி ஓடினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது, அன்பர்களே! சுழலும் திசையை அறியாமல் எஞ்சினில் கை வைத்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. திசை மாறிய ஒரு சிறு உறுப்பைப் பொருத்திவிட்டு, நல்ல எஞ்சினைக் கொதிக்கவிட்டுக் கெடுத்தவர்கள் உண்டு. பின்புறமாகச் சுற்றியதனால் வால்வுகள் வளைந்து, பெருந்தொகை செலவழிக்க நேர்ந்த குடும்பங்களும் உண்டு. எனவே, கார் வைத்திருப்போரும், ஓட்டுவோரும், பணிமனையில் தொழில் பழகும் நம் இளைஞரும் இதனை அறிந்திருப்பது நலம் பயக்கும்.

வலமா? இடமா?

முதலில் ஒரு சிறு சோதனை. வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறியைக் கட்டிலில் படுத்தவாறே பாருங்கள். அது இடப்புறமாகச் சுழல்வதாகத் தோன்றினால், அதே விசிறியை மாடியிலிருந்து துளை வழியே பார்ப்பவருக்கு அது வலப்புறமாகச் சுழல்வதாகவே தோன்றும். விசிறி ஒன்றுதான், அதன் சுழற்சியும் ஒன்றுதான், பார்ப்பவர் நிற்கும் இடந்தான் வேறு. கண்ணாடியால் ஆன கடிகாரத்தைப் பின்புறமிருந்து பார்த்தால், முட்கள் எதிர்த்திசையில் செல்வதைக் காணலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கடிகார முள் செல்லும் திசையை வலஞ்சுழி என்றும், அதற்கு எதிரானதை இடஞ்சுழி என்றும் வழங்குவோம். ஆனால், "இந்த எஞ்சின் வலஞ்சுழி" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மையே. "எந்த முனையிலிருந்து பார்க்கும்போது?" என்ற கேள்விக்கும் விடை சொன்னால்தான் அது முழு உண்மையாகும்.

எஞ்சினுக்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் கப்பியும், பெல்ட்டும், பழைய வண்டிகளாயின் விசிறியும் இருக்கும். இதனை முன்முனை என்பர். மறு முனையில் கனத்த இரும்புச் சக்கரமாகிய ஃபிளைவீல் இருக்கும்; அதனை அடுத்துக் கிளச்சும் கியர் பெட்டியும் அமையும். எஞ்சின் வண்டிக்குள் நீளவாட்டில் இருந்தாலும், குறுக்குவாட்டில் இருந்தாலும், பின்னால் இருந்தாலும், இம்முனைகளின் பெயர் மாறுவதில்லை.

உலகில் ஓடும் கார் எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை, கப்பி இருக்கும் முன்முனையிலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழல்பவை. ஃபிளைவீல் முனையிலிருந்து பார்த்தால் அவையே இடஞ்சுழியாகத் தோன்றும். அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் எஞ்சினியர்கள் சங்கம் வகுத்த முறைப்படி, ஃபிளைவீல் முனையிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக இருப்பதே முறையான சுழற்சி. ஆக, ஒரு நூல் "வலம்" என்றும் மற்றொரு நூல் "இடம்" என்றும் கூறினால், இரண்டும் முரண்படுவதாக எண்ணிவிடக் கூடாது. இருவரும் ஒரே எஞ்சினை இரு முனைகளில் நின்று பார்த்திருக்கக்கூடும்.

கையால் சுழற்றிய காலம்

இவ்வழக்கம் எப்படி வந்தது? இதற்கு விடை காண, காரின் தொடக்க காலத்திற்குச் செல்ல வேண்டும்.

ஜெர்மனி நாட்டின் கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஒரே சிலிண்டர்தான் இருந்தது. அதன் ஃபிளைவீல் இன்றுள்ளதுபோல் செங்குத்தாக நிற்கவில்லை; மாவரைக்கும் திரிகைக்கல்லைப் போலப் படுக்கைவாட்டில் கிடந்தது. சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் மாற்றிக்கொள்ள மறுப்பதுபோல, செங்குத்தாகச் சுழலும் கனத்த சக்கரம் வண்டியைத் திருப்பவிடாமல் தடுக்குமோ என்று பென்ஸ் ஐயுற்றதே அதற்குக் காரணம் என்பர். வண்டியைக் கிளப்ப விரும்புவோர் அந்தச் சக்கரத்தையே கையால் சுழற்றிவிட வேண்டும். 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு புதல்வர்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தது இத்தகைய வண்டியில்தான்.

பின்னர் எஞ்சின் வண்டியின் முன்பகுதிக்கு வந்தது. ரேடியேட்டருக்குக் கீழே ஒரு துளை. அதன் வழியே கைப்பிடியை நுழைத்து, கிராங்க் ஷாஃப்ட் என்னும் முதன்மை அச்சைச் சுழற்றினர். மனிதரில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையோர். வண்டியின் முன் நின்று கைப்பிடியைச் சுழற்றும் வலக்கைக்காரருக்கு வலஞ்சுழியே இயல்பாக வரும். எஞ்சின்கள் முன்முனையில் வலஞ்சுழியாக அமைந்ததற்கு இதுவே காரணமெனப் பொதுவாகக் கூறப்படுகிறது.

கைப்பிடி மறைந்து பல்லாண்டுகள் ஆயினும் அந்தத் திசை மறையவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார், எண்ணெய்ப் பம்பு, தண்ணீர்ப் பம்பு, கியர் பெட்டி என எல்லா உறுப்புகளும் அத்திசைக்கென்றே உருவாக்கப்பட்டுவிட்டன. ஒரு தொழிற்சாலை திசையை மாற்ற விரும்பினால் அத்தனையையும் மாற்ற வேண்டும். எனவே, தந்தை வகுத்த வழியில் மைந்தன் நடப்பதுபோல், புதிய எஞ்சின்களும் பழைய திசையிலேயே சுழல்கின்றன.

கையை முறித்த உதை

கைப்பிடிக் காலத்தில் ஒரு பேராபத்து இருந்தது. சிலிண்டரில் பிஸ்டன் மேலேறி உச்சியை எட்டும் தறுவாயில் தீப்பொறி எழுந்து எரிபொருள் பற்ற வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பொறி சற்று முன்கூட்டியே எழுவது தேவை. ஆனால், கையால் மெல்லச் சுழற்றும் வேளையில் பொறி முந்திக்கொண்டால், உச்சிக்கு வருமுன்னரே பிஸ்டன் கீழ்நோக்கித் தள்ளப்படும். எஞ்சின் ஒரு கணம் எதிர்த்திசையில் திரும்பும். கைப்பிடி குதிரையின் குளம்புபோல் உதைக்கும்!

அந்த உதையால் மணிக்கட்டை அடுத்த எலும்பு முறிவது அக்காலத்தில் அடிக்கடி நிகழ்ந்தது. இன்றும் மருத்துவ நூல்களில் அத்தகைய ஒரு முறிவுக்கு "காரோட்டியின் எலும்பு முறிவு" என்ற பொருள்படும் பெயர் நிலைத்திருக்கிறது.

ஆகவே, அனுபவசாலிகள் சில விதிகளைக் கற்பித்தனர். முதலாவது, பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளி வைத்த பின்னரே கைப்பிடியைத் தொட வேண்டும். இரண்டாவது, கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மறுபுறம் சுற்றிக் கொடுக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது, கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தலாகாது. கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலாக இழுக்கும்போது எஞ்சின் உதைத்தால், கைப்பிடி விரல்களை விரித்துக்கொண்டு நழுவிப் போய்விடும். கீழாக அழுத்தும்போது உதைத்தால், அதன் முழு வேகமும் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் வந்து தாக்கும். முன்முனையில் வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சினில், எதிரே நிற்பவருக்கு இடப்பக்கத்தில்தான் கைப்பிடி மேலேறும். எனவேதான், ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வண்டியை இடக்கையால் இழுத்துக் கிளப்புவதே பாதுகாப்பு என்று பழகியோர் கூறினர். வலக்கைக்கு ஏற்ற திசையில் அமைந்த எஞ்சினை, உயிருக்கும் உறுப்புக்கும் அஞ்சி இடக்கையால் சுழற்ற நேர்ந்தது விந்தையே!

சார்ல்ஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் இடம்பெற்றது. படிப்படியாக அது எல்லா வண்டிகளுக்கும் பரவி, பெண்களும் முதியோரும் துணையின்றிக் காரைக் கிளப்ப வழி செய்தது. ஆயினும் கைப்பிடி உடனே ஒழிந்துவிடவில்லை. நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசடர் கார்களில், பழைய வண்டிகளுக்குக் கைப்பிடி போடும் வசதி இருந்தது. பாட்டரி உயிரிழந்த காலைகளில் அது கைகொடுத்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். கைப்பிடியால் கிளப்பும் டீசல் எஞ்சின்களைத் தோட்டங்களிலும் வயல்களிலும் இன்றும் காணலாம். அவற்றைத் தொடுவோருக்கு மேற்கண்ட விதிகள் இன்றும் உயிருள்ளவையே.

ஒன்று வலம், மற்றொன்று?

கிராங்க் ஷாஃப்ட் ஒரு திசையில் சுழல்வதால், எஞ்சினிலுள்ள எல்லாமே அத்திசையில் சுழல்கின்றன என்று கொள்ளலாமா? கூடாது. இதற்கு ஓர் எளிய விதி உண்டு.

இரண்டு பற்சக்கரங்கள் நேருக்கு நேர் பல்லோடு பல் பொருந்திச் சுழன்றால், இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். இடையே மூன்றாவது சக்கரம் ஒன்றை வைத்தால், முதலாவதும் மூன்றாவதும் ஒரே திசையில் சுழலும். சங்கிலியாலோ பெல்ட்டாலோ இணைத்தால், சைக்கிளின் இரு பற்சக்கரங்களைப் போல இரண்டும் ஒரே திசையில் சுழலும்.

வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட் என்னும் அச்சு. சங்கிலியோ பெல்ட்டோ அதனை இயக்கினால், அது கிராங்க் ஷாஃப்ட் சுழலும் திசையிலேயே சுழலும். பற்சக்கரம் நேராக இயக்கினால், எதிர்த்திசையில் சுழலும். இரண்டிலும் வேகம் மட்டும் சரிபாதி. நான்கு வீச்சு எஞ்சினில் காற்றை இழுத்தல், அழுத்துதல், எரிதல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் நிறைவேற, கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழல வேண்டும். வால்வுகளோ ஒருமுறை திறந்து மூடினால் போதும். எனவே, கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், கேம் ஷாஃப்ட் 1500 முறை சுழலும். நான்கு சிலிண்டர் எஞ்சினாயின், நொடிக்கு நூறு முறை எரிபொருள் பற்றி எரியும். இத்தனையும் முறை பிறழாமல் நிகழ்வது எண்ணுந்தோறும் வியப்பளிக்கிறது.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் திசையும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய வகையைச் சார்ந்தது. அதன் கிராங்க் ஷாஃப்ட் முன்முனையில் வலஞ்சுழி; டிஸ்ட்ரிபியூட்டரோ மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. பிளக் கம்பிகளைக் கழற்றிய ஒருவர், வரிசையைச் சரியாக நினைவில் வைத்து, திசையை மட்டும் மறந்து வலஞ்சுழியாக மாட்டிவிட்டால் என்ன ஆகும்? சிலிண்டர்களுக்கு 1-2-4-3 என்ற வரிசையில் மின்சாரம் செல்லும். ஒன்றும் நான்கும் தம் முறையில் எரிய, இரண்டும் மூன்றும் முறை தவறும். எஞ்சின் இருமும்; தும்மும்; கார்புரேட்டர் வழியே தீ சீறவும் கூடும். வரிசை மட்டும் தெரிந்தால் போதாது; திசையும் தெரிய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தண்ணீர்ப் பம்பிலும் இத்தகைய இடர் உண்டு. பழைய எஞ்சின்களில் பெல்ட்டின் உட்புறமே கப்பிகளைத் தொட்டு இயக்கியது; ஆகவே, எல்லாக் கப்பிகளும் ஒரே திசையில் சுழன்றன. பிற்காலத்தில் ஒரே நீண்ட பெல்ட் பாம்புபோல் வளைந்து வளைந்து எல்லாவற்றையும் இயக்கும் முறை வந்தது. அதில், பெல்ட்டின் முதுகு தொடும் கப்பி எதிர்த்திசையில் சுழலும். அமெரிக்காவின் செவ்ரலே எட்டு சிலிண்டர் எஞ்சின்களுக்கு இவ்விரு திசைக்கும் தனித்தனிப் பம்புகள் உண்டு. வெளித்தோற்றத்தில் மிகவும் ஒத்திருக்கும் இவற்றுள் தவறானதைப் பொருத்தினால், உள்ளிருக்கும் இதழ்கள் நீரைச் செவ்வனே தள்ளா, எஞ்சின் கொதிக்கும். பம்பு புதியது, பெல்ட் புதியது, ரேடியேட்டரும் தூய்மையானது, ஆனால் வண்டி மட்டும் கொதிக்கிறது! காரணம் புரியாமல் திகைப்போர் திசையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தோடு ஓர் உடன்படிக்கை

எஞ்சின் எப்பக்கம் சுழன்றாலும், காரின் சக்கரங்கள் முன்னோக்கியே உருள வேண்டும். எஞ்சினையும் சக்கரத்தையும் இணக்கப்படுத்தும் பொறுப்பு கியர் பெட்டிக்கும் அதனை அடுத்த பற்சக்கரங்களுக்கும் உரியது.

ரிவர்ஸ் கியர் போட்டால் எஞ்சின் எதிர்த்திசையில் சுழலும் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது தவறு. எஞ்சின் தன் திசையில்தான் சுழல்கிறது. கியர் பெட்டிக்குள் இடையே கூடுதலாக ஒரு பற்சக்கரம் வந்து பொருந்துவதால்தான் சக்கரங்களின் திசை மாறுகிறது.

எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்த முன்சக்கர இயக்க வண்டிகளைப் பாருங்கள். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே. இவற்றின் கியர் பெட்டியில் பொதுவாக இரண்டு அச்சுகள். எஞ்சினோடு இணைந்த அச்சிலிருந்து அடுத்த அச்சுக்குச் செல்லும்போது திசை ஒருமுறை மாறுகிறது. அங்கிருந்து சக்கர அச்சுக்குச் செல்லும்போது மறுமுறை மாறுகிறது. இருமுறை மாறினால் பழைய திசையே வந்துவிடும் அல்லவா? ஆகவே, இவ்வண்டிகளில் கிராங்க் ஷாஃப்டும் சக்கரங்களும் ஒரே திசையில் சுழல வேண்டும்.

முன்னோக்கிச் செல்லும் காரை அதன் வலப்புறம் நின்று பார்த்தால், சக்கரங்கள் வலஞ்சுழியாகச் சுழலும். எஞ்சினும் கப்பி முனையில் வலஞ்சுழி. எனவே, கப்பி முனை காரின் வலப்புறத்திலும், கியர் பெட்டி இடப்புறத்திலும் அமைந்தால் எல்லாம் பொருந்திவிடும். பெரும்பாலான கார்களில் இவ்வாறே அமைந்திருக்கிறது.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் நெடுங்காலம் வேறு வழி சென்றது. கப்பி முனையைக் காரின் இடப்புறத்திலும், கியர் பெட்டியை வலப்புறத்திலும் வைத்தது. இடப்புறம் நின்று பார்த்தால் முன்னோக்கி உருளும் சக்கரம் இடஞ்சுழி. ஆகவே, அவ்வெஞ்சின்களும் கப்பி முனையில் இடஞ்சுழியாகவே அமைந்தன. பி, டி, எஃப், எச் எனப் பெயர் பெற்ற வரிசைகள் இவ்வாறு சுழன்றவை. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த கே வரிசையில் அந்நிறுவனமும் உலக வழக்கிற்குத் திரும்பியது. பழைய ஹோண்டா எஞ்சினைக் கழற்றும் மெக்கானிக், மற்ற வண்டிகளின் நினைவில் வலஞ்சுழியாகத் திருப்பிவிடலாகாது.

1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரின் கதையும் சுவையானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அச்சிறு காரின் சோதனை வண்டிகளில், கார்புரேட்டர் முன்பக்கத்தை நோக்கி இருந்தது. விற்பனைக்கு வருமுன் எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி வைத்தனர். எஞ்சின் திரும்பியதும் சுழலும் திசையும் எதிராகிவிட்டது! அப்படியே விட்டிருந்தால் ஒரு முன்கியரும் பல பின்கியர்களும் உள்ள வண்டியே கிடைத்திருக்கும். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஒரு பற்சக்கரத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் திசையை நேராக்கினர்.

1960 முதல் 1969 வரை அமெரிக்காவில் விற்பனையான செவ்ரலே கோர்வேர் காரின் எஞ்சின் பின்பக்கத்தில் இருந்தது. வழக்கத்திற்கு மாறான திசையில் சுழன்றது. அந்த எஞ்சினைக் கழற்றி ஃபோக்ஸ்வாகன் வண்டியில் பொருத்திப் பார்த்த ஆர்வலர்களுக்கு வேடிக்கையான அனுபவம் காத்திருந்தது. கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைப் பினியனின் மறுபக்கத்திற்கு மாற்றி வைக்காவிடில், வண்டி நான்கு கியர்களிலும் பின்னோக்கி ஓடும். ரிவர்ஸ் கியரில் மட்டும் முன்னோக்கிச் செல்லும்!

வண்டி ஏன் சாய்கிறது?

ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்பது நியூட்டன் கண்ட விதி. எஞ்சின் நீளவாட்டில் அமைந்த பழைய வண்டி நின்றுகொண்டிருக்கையில், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்திப் பாருங்கள். எஞ்சின் தன் இருக்கையில் ஒருபக்கமாகச் சாய்வது தெரியும். கிராங்க் ஷாஃப்ட் ஒரு திசையில் விரைவு கொள்ளும்போது, எஞ்சினின் உடல் எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. முன்முனையில் வலஞ்சுழியாகச் சுழலும் எஞ்சினாயின், அந்தச் சாய்வு ஓட்டுநர் அமர்ந்து நோக்கும் நிலையில் வலப்புறமாக இருக்கும்.

இதே காரணத்தால், பின்சக்கரங்களை ஒரே தடித்த அச்சு இயக்கும் வண்டிகளில், வேகமாகக் கிளம்பும்போது இடப் பின்சக்கரம் தரையில் அழுந்தும். வலப் பின்சக்கரம் இலேசாகும். ஈரத்தரையிலும் சேற்றிலும் வலச் சக்கரம் முந்தி வழுக்கிச் சுழல்வதற்கு இது ஒரு காரணம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள் கிழிந்திருந்தால் இந்தச் சாய்வு அதிகமாகும். வண்டி குலுங்கும்போது, "சாலைதான் மோசம்" என்று எண்ணி ஏமாறாமல், முன்மூடியைத் திறந்து தாங்கிகளையும் சோதிப்பது நல்லது.

தலைகீழாகச் சுழன்றால்?

எஞ்சினை எதிர்த்திசையில் ஓட்டவே முடியாதா? சிலவற்றை முடியும். 1955 முதல் 1964 வரை ஜெர்மனியில் உருவான மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 என்ற மூன்று சக்கரச் சிறு வண்டியில், 191 கன சென்டிமீட்டர் இரு வீச்சு எஞ்சின் இருந்தது. அதில் ரிவர்ஸ் கியர் இல்லை. பின்னோக்கிச் செல்ல எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மேலும் உள்ளே அழுத்தித் திருப்பினால், எஞ்சின் எதிர்த்திசையில் கிளம்பும்! நான்கு கியர்களையும் பின்னோக்கிப் பயன்படுத்தலாம். வால்வுகள் இல்லாத எளிய இரு வீச்சு எஞ்சின் என்பதால் இது இயன்றது.

நான்கு வீச்சு எஞ்சினில் நிலைமை வேறு. பழைய வகை டீசல் வண்டி ஒன்று மேட்டில் ஏறும்போது எஞ்சின் நின்றுபோய், முன்கியரில் இருந்தபடியே பின்னோக்கி நழுவினால், எஞ்சின் எதிர்த்திசையில் சுழன்று அப்படியே உயிர்பெற்றுவிடுவதும் உண்டு. டீசலுக்குப் பிளக்கின் தீப்பொறி தேவையில்லை. அழுத்தத்தின் வெப்பமே போதும். அப்போது புகை, புகைக்குழாய் வழியே வராமல், காற்று வடிகட்டி வழியே வெளிவரும். எண்ணெய்ப் பம்பும் எதிர்த்திசையில் சுழல்வதால், உறுப்புகளுக்கு எண்ணெய் செல்லாது. உடனே நிறுத்தாவிடில் தாங்கிகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடும். சத்தம் வழக்கம்போல் இருந்தாலும், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழவில்லையென்றால், அதனைப் பொருட்படுத்தாமல் விடுவது பெருந்தவறு.

இல்லத்தார் கவனத்திற்கு

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை சில.

டைமிங் பெல்ட்டோ சங்கிலியோ சரிசெய்யும்போது, எஞ்சினை அதற்குரிய திசையில் மட்டுமே கையால் திருப்ப வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கும் பக்கத்தில்தான் அதனை இறுக்கும் கருவி இருக்கும். பின்புறமாகத் திருப்பினால் தளர்வு மறுபக்கம் சென்றுவிடும். பெல்ட் ஒரு பல் தாண்டிவிடக் கூடும். பல எஞ்சின்களில் பெல்ட் தாண்டினால் பிஸ்டன் வால்வின்மீது மோதும், வால்வு வளையும். குறியைச் சற்றுத் தாண்டிவிட்டால், சோம்பல் பாராமல் முன்னோக்கியே இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிக்கு வருவதே முறை.

வண்டியைத் தள்ளிக் கிளப்பும்போது, முன்னோக்கித் தள்ளுவதாயின் இரண்டாம் கியரில் வைக்கவும். பின்னோக்கித் தள்ள நேர்ந்தால் ரிவர்ஸ் கியரே பொருந்தும். முன்கியரில் வைத்துப் பின்னோக்கித் தள்ளினால், எஞ்சினைத் தலைகீழாகச் சுழற்றுகிறோம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

சரிவில் நிறுத்தும்போது, ஏற்றத்தை நோக்கியிருந்தால் முதல் கியரும், இறக்கத்தை நோக்கியிருந்தால் ரிவர்ஸ் கியரும் போடுவது வழக்கம். இரண்டு நிலையிலும் வண்டி நழுவினால், அது எஞ்சினை எதிர்த்திசையில் திருப்பவே முயலும். எனவே, கியர் துணைதானே தவிர முதற்காவல் அன்று. கைப்பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரத்திற்குக் கல்லோ கட்டையோ வைப்பதே அறிவுடைமை.

உதிரி உறுப்பு வாங்கும்போது வண்டியின் பெயரோடு தயாரித்த ஆண்டையும், எஞ்சின் வகையையும் கூறுங்கள். பழைய உறுப்பையும் கையில் எடுத்துச் சென்று, அம்புக்குறி இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சில சீல்களுக்குக்கூடத் திசை உண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக, எஞ்சின் ஓடும்போது சேலைத் தலைப்பு, துப்பட்டா, துண்டு, நீண்ட கூந்தல் ஆகியவை பெல்ட்டின் அருகே செல்லலாகாது. பெல்ட்டும் கப்பியும் சந்திக்கும் இடம் எதனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மின்சாரத்தால் ஓடும் இன்றைய ரேடியேட்டர் விசிறி, எஞ்சினை நிறுத்திய பின்னும் தானே சுழலத் தொடங்கலாம். வேடிக்கை பார்க்கும் சிறுவரை எட்டி நிற்கச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் நின்று?

இன்று மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் அவற்றிற்கு ரிவர்ஸ் கியர் என்ற தனிப் பற்சக்கரம் இல்லை; மோட்டாரே இருபுறமும் சுழலும். மூன்று கம்பி மின்சாரத்தில் இயங்கும் பம்புசெட்டைப் பொருத்திய உழவருக்கு இது புதிதன்று. கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும் என்பதையும், அவ்வாறு சுழன்றால் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஒழுங்காக வராது என்பதையும் அவர் அனுபவத்தில் கண்டிருப்பார். மின்சாரக் காரில் கம்பிக்குப் பதிலாக மின்னணுக் கருவி அந்த வேலையைச் செய்கிறது, அவ்வளவே வேற்றுமை.

ஆயினும், பெட்ரோலும் டீசலும் எரியும் கோடிக்கணக்கான எஞ்சின்கள் இன்னும் உலகெங்கும் சுழன்றுகொண்டிருக்கின்றன. நம் இளைஞர் பலர் பணிமனைகளில் அவற்றோடுதான் வாழ்கின்றனர். அங்கே இருவர், "வலம்" என்றும் "இடம்" என்றும் வாதிடும்போது, தொழில் தெரிந்த மூத்த மேஸ்திரி கேட்கும் முதற்கேள்வி, "தம்பி, நீ எந்தப் பக்கம் நின்று பார்க்கிறாய்?" என்பதாகவே இருக்கும். அந்த ஒரு கேள்வியில் வாதம் முடிந்துவிடும், வேலை தொடங்கிவிடும். ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் அக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்பவர், எஞ்சினையும் காப்பார். தம் கையையும் காத்துக்கொள்வார்.